இரத்தச் சோதனைக் கடிதம் சொல்வதும் சொல்லாததும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் வீடுகளுக்கு வருகின்ற கடிதங்களில் பயத்தோடு திறக்கப்படுபவை இரண்டு வகை. ஒன்று குடிவரவு அலுவலகக் கடிதம். மற்றது வைத்தியசாலைக் கடிதம். முதலாவது வகை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இரண்டாவது வகையில் வருகின்ற ஒரு சோதனை பற்றி இம்முறை எழுதுகிறோம்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தி, இங்கே தொழிற்சாலையில் நிற்பவர்கள். ஆனால் எங்கள் சனத்துக்கு வருகின்ற இரண்டு விதமான கடிதங்கள் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவதை அடிக்கடி காண்கிறோம். தடுப்பூசி போட்ட ஒருவருக்கு "அன்ரிபொடி இல்லை" என்று ஒரு கடிதம் வருகிறது. போட்ட ஊசியெல்லாம் வீண் என்று வீடு முழுக்கக் கவலை. இன்னொருவருக்குச் சயரோக இரத்தச் சோதனை "பொசிற்றிவ்" என்று வருகிறது. அவர் அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வாயே திறப்பதில்லை. கடிதத்தை மொழிபெயர்க்கின்ற பிள்ளையும் பாவம். பள்ளிக்கூடத்தில் பொசிற்றிவ் என்றால் நல்லது. வைத்தியசாலையில் அப்படி அல்ல என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த இரண்டு கடிதங்களுக்கும் பின்னால் நிற்பது ஒரே விடயம். எங்கள் இரத்தத்தில் ஓடுகின்ற ரி-கலங்கள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் இரண்டு கடிதத்தையும் சரியாக வாசிக்கலாம்.

இரண்டு வகைக் காவல்

ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் நிர்ப்பீடனம் என்று ஒரு பகுதி படித்திருப்போம். நோய் எதிர்ப்புச் சக்தி என்பதுதான் அது. அதில் பிறபொருளெதிரி என்று படித்ததைத்தான் இங்கே எல்லோரும் அன்ரிபொடி என்கிறார்கள். இது இரத்தத்திலும் உடல் நீரிலும் மிதந்து திரிகின்ற ஒரு புரதம். கிருமி கலத்துக்குள் புகுவதற்கு முன்னரே அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் வைரசு ஒருமுறை கலத்துக்குள் புகுந்துவிட்டால் வெளியே மிதக்கும் அன்ரிபொடியால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. அங்கேதான் ரி-கலத்தின் வேலை தொடங்குகிறது. எங்கள் உடலில் உள்ள அநேகமாக ஒவ்வொரு கலமும் தனக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சிறு சிறு புரதத் துண்டுகளாக வெளிச்சுவரில் கொண்டுவந்து காட்டியபடி இருக்கும். அதில் வைரசின் துண்டு தென்பட்டால் ரி-கலம் கண்டுகொள்ளும். ஒரு வகை ரி-கலம் அந்தக் கலத்தையே கொன்று விடும். இன்னொரு வகை மற்றக் காவலர்களைக் கூப்பிட்டு உதவி செய்யும். அன்ரிபொடியை ஆக்குகின்ற பி-கலங்களுக்கும் பெரும்பாலும் இந்த உதவி தேவை. ரி-கலம் கிருமியைத் தனியாகப் பார்ப்பதில்லை, எங்கள் கலம் ஏந்திக் காட்டும்போதுதான் அடையாளம் காண்கிறது என்பதை 1974இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பீற்றர் டோகேற்றியும் சுவிஸ் நாட்டவரான றொல்ஃப் சிங்கேர்நாகலும் காட்டினார்கள். அதற்காக 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ரி என்ற எழுத்து தைமசு என்ற சுரப்பியின் பெயரிலிருந்து வந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பி வேண்டாத ஒன்று என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1961இல் லண்டனில் வேலை செய்த ஜக் மில்லர், பிறந்தவுடன் தைமசை அகற்றிய எலிகள் நோயை எதிர்க்க முடியாமல் போவதைக் கண்டுபிடித்தார்.

இரண்டு காவலும் வெவ்வேறு என்பதை இயற்கையே சில குழந்தைகளில் காட்டியிருக்கிறது. 1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் ஒக்டன் புறூட்டன் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுடைய இரத்தத்தில் அன்ரிபொடிப் புரதம் இல்லை. திரும்பத் திரும்பப் பற்றீரியாத் தொற்று வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சின்னமுத்தும் கொப்புளிப்பானும் வந்தால், பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே சுகமாகி விடுவார்கள். அன்ரிபொடி இல்லாமலே அந்த வைரசுகளை வென்றது ரி-கலம். ஆனால் எல்லா வைரசுக்கும் அப்படி அல்ல. போலியோ போன்ற சிலவற்றில் இந்தப் பிள்ளைகள் கடுமையாகப் பாதிக்கப்படுவார்கள். ஆகவே எது பெரிது என்று கேட்பது பொருத்தமில்லை. நோய்க்கு நோய் காவல் மாறுகிறது.

மறக்காத கலங்கள்

நோய் மாறிய பின்னர் போராடிய ரி-கலங்களில் பெரும்பாலானவை இறந்து போகும். ஒரு சிறு பகுதி ஞாபகக் கலங்களாக மிஞ்சும். அதே கிருமி மீண்டும் வந்தால் இவை விரைவாகப் பெருகும்.

இது எவ்வளவு காலம் நிலைக்கும்? 2003இல் சார்ஸ் என்ற நோய் ஆசியாவில் பரவியது. அப்போது நோய்ப்பட்டுத் தப்பிய 23 பேரின் இரத்தத்தைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 17 வருடங்களின் பின்னர் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். சார்ஸ் வைரசின் புரதத்துக்கு அவர்களுடைய ரி-கலங்கள் அப்போதும் விழித்துக்கொண்டன.

பெரியம்மையில் இதற்கு எதிர்மாறு. எங்கள் பெற்றோரின் கைகளில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் செய்யப்பட்டு 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களின் அன்ரிபொடி பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. ரி-கலங்களோ 8 முதல் 15 வருடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து வந்தன. இருந்தும் 25 முதல் 75 வருடங்களுக்கு முன்னர் ஊசி போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டில் ஒன்றாவது, அல்லது இரண்டுமே, போதிய அளவு மிஞ்சியிருந்தது.

எங்கள் வீட்டுப் பெரியவர்களில் நேரடியாகக் காணக்கூடிய உதாரணம் அக்கி. விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் போடுகின்ற வருத்தம். சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் வைரசு போய்விடுவதில்லை. நரம்புக்குள் உறங்கிக் கிடக்கிறது. அதை எழும்பவிடாமல் வைத்திருப்பது ரி-கலம். வயது போகப் போக அந்த வைரசுக்கு எதிரான ரி-கலங்கள் பலவீனப்படும்போது அக்கி வெளிப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால் அன்ரிபொடி அந்த வயதிலும் குறையாமல் இருக்கும். அன்ரிபொடியை மட்டும் சோதித்தால் கடிதம் "உண்டு" என்றே வரும். ஆனாலும் அக்கி வரும். இதனால்தான் 2017இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அனுமதி பெற்ற ஷிங்றிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியை ரி-கலங்களைத் தட்டி எழுப்பும் விதமாகச் செய்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த சோதனையில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம் அக்கியைத் தடுத்தது. எந்த வயதில் இலவசம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

தோலில் தொடங்கிய சோதனை

ரி-கலத்தைச் சோதிக்கும் முறை, ரி-கலம் என்ற பெயரே பிறக்கும் முன்னர் வந்துவிட்டது. 1890இல் ஜேர்மனியில் றொபேட் கொக் சயரோகக் கிருமியிலிருந்து ரியூபேர்க்குலின் என்ற சாற்றை எடுத்தார். நோயைச் சுகப்படுத்தும் மருந்து என்று நினைத்தார். அது மருந்தாகவில்லை. 1907இல் வியன்னாவில் கிளெமென்ஸ் வொன் பிர்கே அதைத் தோலில் இட்டு, கிருமி தொட்டவர்களின் தோல் தடிப்பதைக் காட்டினார். அடுத்த வருடம் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஷார்ள் மன்ரூ அதைத் தோலுக்குள் ஊசியால் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். முன்கையில் சிறு ஊசி ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து வரச்சொல்லித் தாதி அளக்கிறாரே, அதுதான் மன்ரூ சோதனை. அவர் அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. அந்த இடத்துக்கு ரி-கலங்கள் வந்து கூடியதால் உண்டாகும் தடிப்பு அது. இரண்டு நாள் எடுப்பதற்கும் காரணம் அதுவே.

அடுத்த பெரிய படியை எடுத்தது மாடுகளுக்காக. 1980களின் கடைசியில் அவுஸ்திரேலிய அரசின் விஞ்ஞான ஆய்வு நிறுவனத்தில் மாட்டுச் சயரோகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி தேடினார்கள். மாட்டை இரண்டாம் முறை பிடித்துக்கொண்டு வந்து தோலை அளப்பது எவ்வளவு கரைச்சல் என்று மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இரத்தத்தை எடுத்து, அதிலேயே கிருமியின் புரதத்தைக் கலந்து, ரி-கலம் விழித்துக்கொள்ளும்போது விடுகின்ற இன்ரபெரோன்-காமா என்ற பொருளை அளந்தார்கள். அந்த முறைதான் பின்னர் மனிதருக்கு வந்தது. இன்று குவான்ரிபெரோன் என்ற பெயரில் சயரோகச் சோதனையாகப் பல நாடுகளில் நடக்கிறது.

இன்றைய குவான்ரிபெரோனில் நான்கு சிறு குழாய்களில் இரத்தம் எடுப்பார்கள். இவ்வளவும் ஏன் என்று பலர் கேட்பதுண்டு. ஒன்றில் எதுவுமே இல்லை. எங்கள் இரத்தம் சும்மா இருக்கும்போது எவ்வளவு விடுகிறது என்று பார்க்க. இரண்டில் சயரோகக் கிருமியின் புரதத் துண்டுகள். நான்காவதில் எந்த ரி-கலத்தையும் எழுப்பிவிடக்கூடிய ஒரு பொருள். அது சிவப்பு போஞ்சி விதையிலிருந்து எடுக்கின்ற புரதம். அரைகுறையாக அவித்த சிவப்பு போஞ்சி விதை சாப்பிட்டால் வயிற்றைக் கலக்குகிறதே, அதற்குக் காரணமான அதே புரதம். தொழிற்சாலையில் வேலை தொடங்க முன்னர் தெரிந்த எடையை வைத்துத் தராசைச் சரிபார்ப்போம் அல்லவா? அதைப் போலத்தான் இது. இந்த நான்காவது குழாயிலும் கலங்கள் எழும்பாவிட்டால் சோதனையே சரியில்லை என்று பொருள். கடிதத்தில் "முடிவு சொல்ல முடியாது" என்று வரும். அது நோய் என்றும் அல்ல, நோய் இல்லை என்றும் அல்ல. பெரும்பாலும் மறுபடி இரத்தம் கேட்பார்கள்.

குழாய்களை 37 பாகைச் சூட்டில் 16 முதல் 24 மணித்தியாலம் வைத்திருந்து பின்னர் அளப்பார்கள்.

எலிஸ்பொட் என்ற இன்னொரு முறை இதைவிட நுட்பமானது. இரத்தத்தைச் சுழற்றி வெண்கலங்களை மட்டும் பிரித்து எடுப்பார்கள். அவற்றைக் கழுவி, எண்ணி, சிறு குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு இரண்டரை இலட்சம் கலங்கள் இடுவார்கள். குழியின் அடியில் இன்ரபெரோனைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு இருக்கும். வைரசின் புரதத் துண்டுகளைச் சேர்த்து ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் கலங்களைக் கழுவி நீக்கிச் சாயம் ஏற்றினால், விழித்துக்கொண்ட ஒவ்வொரு கலமும் இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். புள்ளிகளை எண்ணினால் இலட்சக்கணக்கான கலங்களில் எத்தனை அந்த வைரசை ஞாபகம் வைத்திருக்கின்றன என்று தெரியும். சிலவேளை ஐந்தோ பத்தோ, சிலவேளை நூறோ. கொரோனாக் காலத்தில் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் செய்த ரி-கலச் சோதனைகளில் மிகப் பல இந்த முறையில்தான் நடந்தன.

இவ்வளவு நல்ல சோதனை என்றால் எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை? அன்ரிபொடி ஒரு புரதம். குளிர்ப்பெட்டியில் வைத்து எப்போதும் சோதிக்கலாம், இயந்திரமே ஆயிரக்கணக்கில் செய்துவிடும். ரி-கலம் உயிரோடு இருக்கவேண்டும். இரத்தம் எடுத்துக் குறித்த மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். கைவேலை கூட, பணமும் கூட. அதோடு எங்கள் உடலில் உள்ள ரி-கலங்களில் நூற்றுக்கு இரண்டு அளவுதான் ஒரு நேரத்தில் இரத்தத்தில் ஓடுகின்றன. மிச்சமெல்லாம் நிணநீர்க் கணுக்களிலும் சுவாசப்பையிலும் குடலிலும் தோலிலும் இருக்கின்றன. கையிலிருந்து எடுக்கின்ற இரத்தம் அவற்றைக் காட்டாது.

தழும்பும் சயரோகக் கடிதமும்

இனி எங்கள் சனத்துக்கு அதிகம் வருகின்ற கடிதத்துக்கு வருவோம். அகதியாக வந்து பதியும்போதும், வயோதிபர் இல்லத்திலோ வைத்தியசாலையிலோ வேலைக்குச் சேரும்போதும், மூட்டு வாதத்துக்குச் சில மருந்துகள் தொடங்கும் முன்னரும் சயரோகச் சோதனை கேட்கிறார்கள். சயரோகம் என்பதைத்தான் தமிழ்நாட்டில் காசநோய் என்பார்கள்.

எங்களில் அநேகமானோருக்கு இடது புயத்தில் ஒரு தழும்பு உண்டு. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி. பிரான்சின் லீல் நகரில் கல்மெத், கெறான் என்ற இருவர் 1908 முதல் 13 வருடங்கள், மாட்டுச் சயரோகக் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

பி.சி.ஜி. போட்டவரின் ரி-கலங்கள் அந்தக் கிருமியை ஞாபகம் வைத்திருக்கும். ஆகவே மன்ரூ சோதனையில் சயரோகம் தொடாதவருக்கும் கை தடிக்கலாம். அந்த ஊசி வழக்கமாகப் போடப்படாத நாட்டில் படித்த இளம் டொக்டர், தடிப்பைக் கண்டு சந்தேகப்படுவதில் புதுமை இல்லை. தழும்பைக் காட்டி "சிறுவயதில் பி.சி.ஜி. போட்டது" என்று சொல்வது எங்கள் பொறுப்பு.

இரத்தச் சோதனையில் இந்தக் குழப்பம் இல்லை. லீல் நகரில் வீரியத்தைக் குறைத்த அந்த வருடங்களில் கிருமி தன் மரபுப் பொருளில் ஒரு துண்டை இழந்துவிட்டது. குழாய்களில் இடுகின்ற புரதங்கள் அந்தத் துண்டிலிருந்து வருபவை. பி.சி.ஜி. போட்டவரின் ரி-கலங்கள் அவற்றை ஒருபோதும் கண்டதில்லை, எனவே எழும்பாது. உண்மையான சயரோகக் கிருமியைக் கண்டவருக்குத்தான் எழும்பும். வெகு சில வேறு கிருமிகளும் எழுப்பக்கூடும் என்றாலும் அவை அரிது. ஆகவே "எனக்கு ஊசி போட்டபடியால்தான் பொசிற்றிவ்" என்று இரத்தச் சோதனைக் கடிதத்தைத் தூக்கிப் போடுவது சரியல்ல.

அதேநேரம் பொசிற்றிவ் என்றால் சயரோகம் என்றும் அர்த்தம் அல்ல. கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது, ரி-கலங்கள் அதை அறிந்திருக்கின்றன என்பது மட்டுமே செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலக மக்களில் நால்வரில் ஒருவர் அளவில் இப்படிக் கிருமி தொட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. கிருமி உறங்கும் வரை அது மற்றவருக்குத் தொற்றாது. ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கலாம், பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம்.

நோயாக மாறியிருக்கிறதா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. அதற்குத்தான் எக்ஸ்ரே. இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருமல், மெலிவு, இரவில் வியர்வை, காய்ச்சல் என்று கேட்பதும் அதற்குத்தான். நோய் இல்லை என்றால், உறங்குகின்ற கிருமியை அழிக்க நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள், மூன்று மாதம், நான்கு மாதம், ஆறு மாதம் என்று மருந்து தருவார்கள். கடிதத்தை அலுமாரிக்குள் மறைத்தால், சில வருடம் கழித்து நீரிழிவோ, வயதோ, பலமான மருந்தோ ரி-கலங்களைத் தளர்த்தும்போது கிருமி எழும்பலாம். அப்போது முதலில் தொற்றுவது ஒரே அறையில் படுக்கின்ற எங்கள் பிள்ளைகளுக்கு. ஊரில் சயரோகம் என்றால் சம்பந்தம் பேசவும் தயங்குவார்கள். அந்த வெட்கத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கேயும் வளர்க்கத் தேவையில்லை.

இன்னொரு சிறு விடயம். சின்னமுத்து போன்ற உயிருள்ள வைரசுத் தடுப்பூசி போட்டால் சில கிழமைகளுக்கு ரி-கலச் சோதனை மங்கலாக வரக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் செய்வார்கள், அல்லது குறைந்தது நான்கு கிழமை விடுவார்கள். அண்மையில் ஏதாவது ஊசி போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

புள்ளி இருந்தால் பாதுகாப்பா?

இவ்வளவும் வாசித்த ஒருவர், "அப்படியானால் ரி-கலச் சோதனை செய்து, ஞாபகம் இருந்தால் மறு ஊசி வேண்டாம்தானே" என்று கேட்கலாம். இங்கேதான் நிதானம் தேவை.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் பி.சி.ஜி. பற்றிய மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பி.சி.ஜி. அல்லது வெறும் ஊசி போட்டு, 15 வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். பி.சி.ஜி. போட்டவர்களின் தோல் நன்றாகவே தடித்தது. அதாவது ரி-கலம் விழித்தது. ஆனால் பெரியவர்களுக்கு வருகின்ற சுவாசப்பைச் சயரோகத்தை அது தடுக்கவில்லை. எங்கள் மொழி பேசும் அந்தக் கிராமத்துச் சனங்கள் கைநீட்டிக் கொடுத்த விடை அது. கைக்குழந்தைகளுக்கு வரக்கூடிய மூளைக் காய்ச்சல் சயரோகத்தைத் தடுப்பதற்காக பி.சி.ஜி. இன்றும் பல நாடுகளில் போடப்படுகிறது, அது வேறு விடயம்.

தென்னாபிரிக்காவில் 2,797 கைக்குழந்தைகளிடம் புதிய சயரோகத் தடுப்பூசி ஒன்றைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஊசியும் ரி-கலங்களை எழுப்பியது. ஆனால் நோயைத் தடுத்ததாகக் காணவில்லை.

ஞாபகம் இருப்பது வேறு, பாதுகாப்பு இருப்பது வேறு. இத்தனை புள்ளிக்கு மேல் இருந்தால் கொரோனா வராது என்று சொல்லக்கூடிய எல்லைக்கோடு ரி-கலத்துக்கு வகுக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கொரோனாவுக்கான ரி-கலச் சோதனை ஒன்றுக்கு அவசர அனுமதி கொடுத்தபோது, அது முன்னர் தொற்று வந்ததா என்று அறிவதற்கே தவிரப் பாதுகாப்பை அளக்க அல்ல என்று சொன்னது. அன்ரிபொடிச் சோதனையையும் தடுப்பூசிக்குப் பின்னர் பாதுகாப்பை அளக்கப் பாவிக்க வேண்டாம் என்று அதே வருடம் மே மாதம் அறிவித்தது.

அப்படியென்றால் இந்தச் சோதனைகளால் என்ன பயன்? பயன் இருக்கிறது. 2021 கடைசியில் ஒமிக்ரோன் வந்தபோது, பழைய அன்ரிபொடி அதைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் கேப்ரவுண் ஆய்வாளர்கள் சோதித்தபோது ரி-கலங்களின் பலத்தில் 70 முதல் 80 வீதம் ஒமிக்ரோனிடமும் செல்லுபடியாகியது. தொற்று வந்தாலும் பலர் கடும் நோய்க்குப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். தனி ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாத சோதனை, ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஊசி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறது.

"அன்ரிபொடி இல்லை" என்ற கடிதம்

எங்களில் சிறுநீரகம் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சிலவகை இரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் றிற்றுக்சிமாப் என்ற மருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உறுப்பு மாற்றிய 658 பேரை அமெரிக்காவில் 2021இல் சோதித்தபோது, இரண்டு கொரோனா ஊசிக்குப் பின்னரும் 54 வீதமானவர்களுக்குத்தான் அன்ரிபொடி தென்பட்டது. றிற்றுக்சிமாப் பி-கலங்களை அகற்றிவிடுவதால் அதை எடுப்பவர்களில் அன்ரிபொடி உண்டாவது கடினம். ஆனால் அப்படிப்பட்ட பலருடைய ரி-கலங்கள் ஊசியை ஞாபகம் வைத்திருந்ததை ஆய்வுகூடங்கள் கண்டன.

ஆகவே அந்தக் கடிதம் வந்தால் ஊசி முழுக்க வீண் என்று எண்ண வேண்டாம். ஆனால் "ரி-கலம் இருக்கிறதே" என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். உறுப்பு மாற்றியவர் எடுக்கும் மருந்துகள் ரி-கலத்தையும் அடக்குபவை. டொக்டர் மேலதிக ஊசி சொன்னால் போடவேண்டும். காய்ச்சல் வந்தால் முதல் நாளே தெரிவிக்கவேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்களும் தங்கள் ஊசிகளைப் போட்டிருக்கவேண்டும்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். சோதனைக் கடிதம் வந்தால் டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதைச் சோதித்தது, அன்ரிபொடியையா, ரி-கலத்தையா, கிருமியையா? இந்த முடிவு எதைச் சொல்லவில்லை? இனி நான் என்ன செய்யவேண்டும்? பாசை போதாது என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். உங்களுக்கு விளங்கியதை அடுத்த வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். அலுமாரிக்குள் மடித்து வைத்த கடிதம் எவருடைய வீட்டிலாவது இருந்தால், அதை வெளியே எடுத்து டொக்டரிடம் கொண்டுபோக இந்தக் கட்டுரை உதவினால் எங்களுக்கு அது போதும்.